பெயர் கேட்டவனுக்குப் பெட்டகச் சாவியா?

சென்ற மாதத்தில் ஒரு மாலைப் பொழுது. வழக்குக் கட்டுகளை மூடிவைத்து எழுந்திருக்கும் வேளையிலே, எனக்கு நன்கு தெரிந்த சங்கமொன்றின் செயலாளர் கையில் ஒரு தாளுடன் வந்து சேர்ந்தார். ஆசிரியரும் வைத்தியரும் எழுதுவினைஞரும் கமக்காரரும் ஒருங்கே அங்கம் வகிக்கும் சங்கம் அது. அங்கத்தவர் ஒவ்வொருவருக்கும் சங்கத்தின் பெயரால் ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டு. அந்த அஞ்சற் பெட்டிகள் யாவும் மைக்ரோசொஃப்ட் கம்பெனியின் முகிற் சேவையிலே, அதாவது நம் கண்ணுக்கெட்டாத தூரத்திலுள்ள அக்கம்பெனியின் கணினிகளிலே, வாடகைக்கு வைக்கப்பட்டிருக்கின்றன.

கூட்ட அறிவித்தல்களை ஒவ்வொருவருக்கும் கையால் அனுப்பி அலுத்துப்போன செயலாளர், அதனைத் தானாகவே செய்யும் மென்பொருள் ஒன்றை ஆக்கித் தரும்படி இளைஞர் ஒருவரை அமர்த்தியிருந்தார். அம்மென்பொருள் அங்கத்தவரின் பெயரையும் முகவரியையும் முகிற் சேவையிடம் நேரே கேட்டுப் பெற்றுக்கொள்ளும். அதற்குச் சம்மதம் தெரிவித்து, நிருவாகி என்ற முறையில் செயலாளர் ஒரு பொத்தானை அழுத்தவேண்டும். அவர் கொண்டுவந்த தாள், அப்பொத்தானுக்கு மேலே திரையில் தோன்றிய வாசகத்தின் அச்சுப் பிரதியாகும்.

“ஐயா, எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறது. அழுத்தட்டுமா?” என்றார் அவர்.

நான் வாசித்தேன். மூன்று வரிகள். எல்லா அங்கத்தவரின் முழு விவரத்தையும் வாசிக்கும் அனுமதி, முதல் வரி. எல்லா அஞ்சற் பெட்டிகளிலும் உள்ள கடிதங்களை வாசிக்கும் அனுமதி, இரண்டாவது வரி. சங்கத்தின் பெயரேட்டை வாசிக்கவும் அதில் எழுதவும் அனுமதி, மூன்றாவது வரி.

பெயரும் முகவரியும் கேட்டவனுக்குக் கடிதப் பெட்டி எதற்கு? அந்த இளைஞரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். “பிறகு தேவைப்படலாம், ஐயா. இப்போதே வாங்கி வைத்தால் உங்களைத் திரும்பத் திரும்ப அலைக்கழிக்க வேண்டியதில்லை” என்று பணிவோடு விடை சொன்னார். அவர் உள்ளத்திலே களங்கம் இருந்ததாக நான் எண்ணவில்லை. ஆனால் களங்கமில்லாத அந்த விடைதான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. பெருந்தீங்குகள் யாவும் கெட்ட எண்ணத்திலிருந்துதான் பிறக்கின்றன என்று நம்புபவர்கள், சோம்பலும் வசதியும் சேர்ந்து செய்யும் நாசத்தைக் கண்டறியாதவர்கள்.

கேள்வி சிறிது; அதிகாரம் பெரிது

இவ்விவகாரம் கணினி வல்லுநர்க்கே உரியது, நமக்கு விளங்காது என்று வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிடக் கூடாது. உறுதி முடித்தவர்க்கும் வங்கியிலே காசோலை மாற்றியவர்க்கும் விளங்காத எதுவும் இதில் இல்லை.

ஒரு மென்பொருள் இன்னொரு கணினியிடம் எந்த வாயிலில், எந்த வாசகத்தில், எதனைக் கேட்கலாம் என்று வகுத்த முறைக்கு ஏ.பி.ஐ. என்று பெயர். மைக்ரோசொஃப்ட் தன் அஞ்சல், நாட்காட்டி, பெயரேடு முதலியவற்றுக்கெல்லாம் பொதுவாக 2015ஆம் ஆண்டு நவம்பரில் திறந்துவிட்ட வாயிலுக்கு மைக்ரோசொஃப்ட் கிராஃப் என்று பெயர். அதன் முகவரியின் ஈற்றிலே “யூசர்ஸ்” என்ற ஒரு சொல்லைச் சேர்த்துக் கேட்டால், அந்த நிறுவனத்தின் பெயரேட்டிலுள்ள ஆட்களின் பட்டியல் வந்துவிடும். கேள்வி ஒரு வரிதான்.

ஆனால் வாயிற்காவலன் எல்லோருக்கும் விடை சொல்வதில்லை. முதலில் அம்மென்பொருளை நிறுவனத்தின் ஏட்டிலே பதியவேண்டும். பதிந்தவுடன் அதற்கு ஓர் இலக்கமும், ஓர் இரகசியச் சொல்லும் கொடுக்கப்படும. இவ்விரண்டையும் உள்நுழைவு வாயிலில் காட்டினால் அனுமதிச் சீட்டு ஒன்று கிடைக்கும். சாதாரணமாக 60 முதல் 90 நிமிடங்கள் வரை செல்லுபடியாகும் சீட்டு அது. அதனைக் கிராஃப் வாயிலில் நீட்டினால், அதில் எழுதியுள்ள அதிகாரத்தின் அளவுக்கு விடை கிடைக்கும். சீட்டே இல்லாவிடின், அல்லது காலாவதியாகியிருப்பின், 401 என்ற இலக்கத்தோடு மறுப்பு வரும். சீட்டு இருந்தும் அதிகாரம் போதாவிடின் 403 என்ற இலக்கத்தோடு மறுப்பு வரும். 2012ஆம் ஆண்டு ஒக்டோபரில் வெளியான ஓஓத் 2.0 என்ற உலகப் பொது விதிமுறையைத் தழுவியது இந்த ஏற்பாடு. கூகிள் முதலிய ஏனைய கம்பெனிகளும் இதே வழியைத்தான் கைக்கொள்கின்றன.

அந்தச் சீட்டின் தன்மையை நன்கு கவனிக்க வேண்டும். அது கொண்டுவருபவருக்குப் பணம் கொடுக்கச் சொல்லும் காசோலை போன்றது. நீட்டுகிறவன் உரியவனா, திருடியவனா என்று பொதுவாக வாயிற்காவலன் விசாரிப்பதில்லை. சீட்டு மெய்யானது என்றால் கதவு திறக்கும். ஆகவே, அச்சீட்டிலே எவ்வளவு அதிகாரத்தை எழுத நாம் சம்மதிக்கிறோம் என்பதே முழுப் பிரச்சினையும் ஆகும்.

முதல்வனும் முகவனும்

அதிகாரம் கொடுப்பதில் இரு வகை உண்டு. முதலாவது வகையில், ஓர் ஆள் உள்நுழைந்து, தன் சார்பில் செயற்படும்படி மென்பொருளுக்கு இடங்கொடுக்கிறார். இங்கே மென்பொருளுக்குக் கொடுத்த அனுமதியும் வேண்டும். அந்த ஆளுக்குத் தானாகவே உள்ள உரிமையும் வேண்டும். இரண்டும் பொருந்தும் எல்லைக்குள்ளே மட்டும் அது நடமாடலாம். தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவன் பிறர்க்குக் கொடுக்க முடியாது என்ற பழைய சட்ட நெறியே இங்கு வேலை செய்கிறது. ஒரு சாதாரண அங்கத்தவரின் சார்பில் வந்த மென்பொருள், தலைவரின் கடிதப் பெட்டியைத் திறக்க முடியாது.

இரண்டாவது வகை வேறு. அதிலே உள்நுழையும் ஆள் எவருமில்லை. மென்பொருள் தன் சொந்தப் பெயரிலேயே, நள்ளிரவிலும் விடுமுறை நாளிலும், வாயிலுக்குப் போகும். அதன் அதிகாரம் நிருவாகி ஒருமுறை கொடுத்த சம்மதத்திலிருந்து பிறக்கிறது. எவருடைய உரிமையும் அதற்கு எல்லை வகுப்பதில்லை. “எல்லா அஞ்சற் பெட்டிகளையும் வாசிக்கலாம்” என்ற அனுமதி இவ்வகையில் கொடுக்கப்பட்டால், வேறு கட்டுப்பாடு போடாதவரை, தலைவர் முதல் கடைசி அங்கத்தவர் வரை அனைவரின் கடிதங்களும் அதற்குத் திறந்தவையே. அங்கத்தவர்கள் தங்கள் கடவுச்சொற்களை நாள்தோறும் மாற்றினாலும் பயனில்லை; அது அவர்களுடைய கடவுச்சொல்லால் உள்ளே வரவில்லை.

இதனை நம் ஊர் வழக்கிலே சொல்வதாயின், இரண்டாவது வகை ஒரு பொது அற்றோணித் தத்துவம். வெளிநாட்டுக்குப் போகும் ஒருவர், ஒரு காணியைக் குத்தகைக்கு விடுவதற்காக மட்டும் தம் மைத்துனருக்கு விசேட தத்துவம் எழுதுவது விவேகம். அதே காரியத்துக்காகத் தம் சகல ஆதனங்களையும் விற்கவும் ஈடு வைக்கவும் பொதுத் தத்துவம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறவரை நாம் என்னவென்று சொல்வோம்? அப்படி எழுதிக் கொடுத்துத் தெருவில் நின்றவர்களின் வழக்குகளை நீதிமன்றங்களில் காணாத சட்டத்தரணி இந்நாட்டில் இல்லை.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு குழிக் காணியை விற்பதென்றாலும் நொத்தாரிசின் முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு, கையொப்பமிட வேண்டும். நொத்தாரிசு உறுதியை வாசித்து விளக்க வேண்டும். அற்றோணித் தத்துவங்களைப் பதிவு செய்வதற்கென 1902ஆம் ஆண்டிலேயே தனிக் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. மண்ணுக்கு இவ்வளவு காவல்! ஆனால் நூற்றுக்கணக்கான மனிதரின் கடிதங்களைத் திறக்கும் தத்துவத்துக்கோ ஒரு விரல் போதும். வாசித்து விளக்க ஆளில்லை, சாட்சியில்லை, தாய்மொழியிலே வாசகமுமில்லை. இது முறையா என்று கேட்கிறேன்.

விடையாக வருவது என்ன?

மேலதிகமாக எதுவும் சொல்லாமல் கேட்டால், கிராஃப் வாயில் ஒவ்வோர் ஆளைப் பற்றியும் 11 விடயங்களைக் கொடுக்கும். இலக்கம், காட்சிப் பெயர், இடுபெயர், குடும்பப் பெயர், உள்நுழைவுப் பெயர், அஞ்சல் முகவரி, பதவி, காரியாலய இடம், காரியாலயத் தொலைபேசி, கைத்தொலைபேசி, விரும்பும் மொழி என்பனவே அவை. எவற்றை மட்டும் தரவேண்டும் என்று கேள்வியிலேயே குறித்துக் கேட்கவும் வழியுண்டு. கூட்ட அறிவித்தலுக்குப் பெயரும் முகவரியும் போதுமென்றால், அவ்விரண்டையும் பெயர் சொல்லிக் கேட்பதே நேர்மை. வலையை வீசி வந்ததெல்லாம் அள்ளுவது சோம்பல்.

அனுமதியிலும் படிகள் உண்டு. “யூசர்.ரீட்” என்பது உள்நுழைந்தவரின் சொந்த விவரத்துக்கு மட்டும். “யூசர்.ரீட்பேசிக்.ஓல்” என்பது எல்லோருடைய பெயர், அஞ்சல் முகவரி, படம் போன்ற அடிப்படை விவரத்துக்கு. “யூசர்.ரீட்.ஓல்” என்பது எல்லோருடைய முழு விவரத்துக்கும். “மெயில்.ரீட்” என்பது கடிதங்களுக்கு. நமது சங்கத்தின் காரியத்துக்கு இரண்டாவது படியே போதுமானது. ஆனால் மென்பொருள் ஆக்குவோர் பலர் மேற்படியிலிருந்து தொடங்குகின்றனர். கீழ்ப்படியில் நின்றால் 403 என்ற மறுப்பு இடையிடையே வரும். காரணம் தேட வேண்டும். மேற்படியில் நின்றால் மறுப்பே வராது. ஓர் ஏக்கர் வயலுக்கு நீர் பாய்ச்ச, குளத்தின் துருசு முழுவதையும் திறந்துவிட்டு நித்திரைக்குப் போகும் கமக்காரனை வயற்கூட்டத்தில் என்ன செய்வார்களோ, அதையே இவர்களுக்கும் செய்யவேண்டும்.

இன்னொரு நுட்பத்தையும் சட்டம் படித்தவன் என்ற முறையில் குறிப்பிடுகிறேன். வாயில் ஒரு தடவைக்குச் சாதாரணமாக 100 பேரின் விவரத்தையே தரும். மீதியைப் பெறுவதற்கு ஒரு தொடர்ச்சிக் குறிப்பையும் ஈற்றிலே வைக்கும். அக்குறிப்பைக் கவனியாத மென்பொருள், முதற் பக்கத்தோடு முடிந்ததென்று நினைத்துத் திரும்பிவிடும். 300 அங்கத்தவர் உள்ள சங்கத்தில் 200 பேருக்கு அறிவித்தல் போகாது. பிழை என்று எந்தச் செய்தியும் திரையில் வராது. முறையான அறிவித்தல் இன்றிக் கூடிய பொதுக்கூட்டத்தின் தீர்மானங்கள் நீதிமன்றத்தில் என்ன கதியை அடையும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. எனவே, பரீட்சித்துப் பார்க்கும்போது, வந்த பெயர்களின் தொகையை அங்கத்தவர் ஏட்டோடு ஒப்பிட்டே தீரவேண்டும்.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். இடுபெயர், குடும்பப் பெயர் என்ற பிரிவு ஐரோப்பிய வழக்கத்தில் எழுந்தது. நமக்கோ தந்தையின் பெயர் முன்னே நிற்கும். அது குடும்பப் பெயருமன்று. இதனை உணராத மென்பொருள் மகளை விளித்துக் கடிதம் எழுதுவதாக எண்ணித் தகப்பனாரை விளித்து எழுதும். காட்சிப் பெயர் என்ற ஒரு கட்டம் இருக்கிறது. அதிலே அங்கத்தவர் தாம் விரும்பியவாறு, தமிழிலேயே, தம் பெயரை எழுதலாம். எழுதியவாறே எழுத்துப் பிசகாமல் வந்து சேரும். அதனையே மென்பொருள் எடுத்தாள வேண்டும். விரும்பும் மொழி என்ற கட்டத்தையும் நிரப்பி வைத்தால், அறிவித்தல் எம்மொழியில் போகவேண்டும் என்பதை அதுவே சொல்லும். கருவி நம்மை மதிக்க வேண்டுமாயின், கருவிக்கு நம்மை யார் என்று நாம் சொல்லிவைக்க வேண்டும்.

நடந்தவை

இவையெல்லாம் வீண் பயம் என்று சொல்வோர் உளர். நடந்த இரண்டைச் சொல்கிறேன்.

2017ஆம் ஆண்டு மே மாதம் 3ஆந் திகதி, ஜீமெயில் பாவிப்போர் பலருக்குத் தெரிந்தவர்களிடமிருந்து வந்தது போல ஒரு கடிதம் வந்தது. பத்திரமொன்றைப் பார்க்க வரும்படி அழைத்தது. அழுத்தியவர்களை அது கூகிளின் மெய்யான உள்நுழைவுப் பக்கத்துக்கே கொண்டுபோய், “கூகிள் டொக்ஸ்” என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு மென்பொருளுக்கு அஞ்சலையும் முகவரி ஏட்டையும் கையாளச் சம்மதமா என்று கேட்டது. அந்தப் பெயர் பொய்; மென்பொருள் வேறொருவருடையது. சம்மதித்தவர்களின் முகவரி ஏட்டிலிருந்த எல்லோருக்கும் அதே கடிதம் பறந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கூகிள் அதனை நிறுத்திவிட்டது. பாதிக்கப்பட்டோர் தன் பாவனையாளரில் 0.1 வீதத்துக்கும் குறைவானவர்களே என்றும் அறிவித்தது. இங்கே எவருடைய கடவுச்சொல்லும் திருடப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். சம்மதம் ஒன்றே போதுமானதாயிருந்தது.

மற்றது இன்னும் பாடம் புகட்டுவது. 2024ஆம் ஆண்டு ஜனவரி 12ஆந் திகதி மைக்ரோசொஃப்ட் தன் சொந்த வீட்டுக்குள்ளேயே கள்வர் புகுந்திருப்பதைக் கண்டுபிடித்தது. ரஷிய அரசின் ஆதரவு பெற்ற குழுவினர் என்று அக்கம்பெனியே அவர்களைக் குறிப்பிட்டது. 2023ஆம் ஆண்டு நவம்பர் பிற்பகுதியில், பரீட்சைக்கென்று முன்னொரு காலத்தில் அமைத்துக் கைவிடப்பட்டிருந்த ஒரு மூலையில், இரண்டாங் காவல் இல்லாத கணக்கொன்றின் கடவுச்சொல்லை ஊகித்து அவர்கள் நுழைந்தனர். அம்மூலையிலே பழைய பரீட்சை மென்பொருள் ஒன்று இருந்தது. அதற்கு யாரோ எப்போதோ கம்பெனியின் பிரதான வீட்டிலும் பெரிய அதிகாரம் கொடுத்திருந்தார்கள், கொடுத்ததை மறந்துவிட்டார்கள். அந்த அதிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, தாங்களே புதிய மென்பொருள்களை ஆக்கி, அவற்றுக்கு எல்லா அஞ்சற் பெட்டிகளையும் முழுமையாக அணுகும் தத்துவத்தைக் கள்வர் வழங்கிக்கொண்டனர். மேல்மட்டத் தலைவர்கள், பாதுகாப்புப் பிரிவினர், சட்டப் பிரிவினர் சிலரின் கடிதங்கள் களவு போயின.

இந்தச் சேவையை ஆக்கி உலகுக்கு விற்கும் கம்பெனியே, தான் கொடுத்து மறந்த ஒரு தத்துவத்தால் வீட்டைப் பறிகொடுத்தது. நம்முடைய சங்கச் செயலாளருக்கு இதைவிடக் கெட்டியான காவல் உண்டென்று யார் சொல்வார்?

பட்டியல் விளையாட்டுப் பொருளன்று

கடிதம் இரகசியம், சரி. பெயர்ப் பட்டியலில் என்ன இரகசியம் என்று கேட்பவர்களுக்கு நம் நாட்டுச் சரித்திரமே விடை சொல்லும். 1983ஆம் ஆண்டு யூலையில் கொழும்பு வீதிகளிலே தமிழர் இல்லங்களைத் தேடிச் சென்ற கும்பல்கள் சிலவற்றின் கைகளிலே வாக்காளர் இடாப்புகள் இருந்தன. அவ்விடாப்பு தீங்கு நினைத்து எழுதப்பட்டதன்று. மனிதன் தன் வாக்கை அளிப்பதற்காக எழுதப்பட்டது. எழுதிய நோக்கம் ஒன்று. எடுத்தாண்ட நோக்கம் வேறொன்று. பெயரும் வீட்டிலக்கமும் வரிசையாய் எழுதிய சில தாள்கள், பகைவன் கையிலே ஆயுதமாயின.

அன்றைய இடாப்பைப் பெறுவதற்கு ஒருவன் காரியாலயம் தேடிப் போகவேண்டியிருந்தது. இன்று பெயர், தொலைபேசி, பதவி, விரும்பும் மொழி எல்லாம் அடங்கிய பட்டியல், ஒரு வரிக் கேள்விக்கு நொடிப்பொழுதில் வந்துவிழும். எடுத்த அடையாளமும் சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. பட்டியலின் பெறுமதி அதனைத் தொகுத்தவன் நினைப்பதல்ல. அதனைக் கைப்பற்றுபவன் நினைப்பதே. பட்டியல் வைத்திருக்கும் ஒவ்வொரு சங்கமும், ஒவ்வொரு கட்சிக் கிளையும், ஒவ்வொரு சட்டத்தரணியும் வைத்தியரும் இதனை மனத்திலே பொறித்துக்கொள்ள வேண்டும். என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

சட்டம் சொல்வது

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்நெறியை ஏற்றுக்கொண்டிருக்கிறது. குறித்த நோக்கத்துக்காக மட்டுமே தரவு சேர்க்கப்பட வேண்டும். அந்நோக்கத்துக்கு வேண்டிய அளவே கையாளப்பட வேண்டும். கையாள்பவர் அதனைப் பத்திரமாகக் காக்க வேண்டும். இன்னொருவரைக் கொண்டு கையாளுவித்தால், அவர் எழுத்துமூல அறிவுறுத்தலின்படியே நடக்க வேண்டும். இன மூலம், அரசியல் அபிப்பிராயம், மத நம்பிக்கை, உடல்நலம் போன்றவற்றைக் காட்டும் தரவுக்கு விசேட காவலும் விதிக்கப்பட்டிருக்கிறது. ஓர் அரசியற் கட்சியின் அங்கத்தவர் பட்டியல் எதைக் காட்டுகிறது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

2025ஆம் ஆண்டு மார்ச்சில் அமுலுக்கு வரவேண்டியிருந்த பகுதிகள் பிற்போடப்பட்டன என்பது உண்மையே. அதனைக் காரணங்காட்டி நாமும் நம் கடமையைப் பிற்போடலாமா? கள்வன் வர்த்தமானி அறிவித்தல் பார்த்துக்கொண்டு வருவதில்லை. மேலும், நம்பி ஒப்படைத்த பொருளைக் காப்பது எந்தச் சட்டமும் எழுதப்படுவதற்கு முன்னரே தமிழன் அறிந்த அறமாகும். சங்கத்தின் நிருவாகி அந்தப் பட்டியலின் சொந்தக்காரர் அல்லர். அவர் நம்பிக்கைப் பொறுப்பாளர்.

செய்யவேண்டியவை

குறை சொல்லி முடித்துவிடுவது எளிது. ஆகையால் என்ன செய்யவேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலாவதாக, மென்பொருள் ஆக்குபவர் தாம் கேட்கும் ஒவ்வொரு அனுமதிக்கும் எதிரே, அது எதற்கு என்று தமிழில் ஒரு வரி எழுதித் தரவேண்டும். எழுத முடியாத அனுமதியைக் கொடுக்கத் தேவையில்லை. “பிறகு தேவைப்படலாம்” என்பது காரணமாகாது. பிறகு தேவைப்பட்டால் பிறகு கேட்கட்டும்.

இரண்டாவதாக, சம்மதம் தனியொருவரின் விரல் நுனியில் இருக்கலாகாது. நிருவாக சபை தீர்மானித்து, கூட்டக் குறிப்பிலே பதிந்து, அதன் பின்னரே பொத்தானை அழுத்த வேண்டும். சாதாரண அங்கத்தவர்கள் அறியாமல் பிற மென்பொருள்களுக்குச் சம்மதம் கொடுத்துவிடாதபடி, அவ்வழியை அடைக்கும் ஏற்பாடு சேவையிலேயே இருக்கிறது. அதனைப் பயன்படுத்த வேண்டும். நிருவாகியின் கணக்குக்குக் கடவுச்சொல்லுக்கு மேலாக இரண்டாங் காவல் கட்டாயம்.

மூன்றாவதாக, கடிதம் அனுப்பும் அதிகாரத்தில் விழிப்பு வேண்டும். மென்பொருளுக்குச் சொந்தப் பெயரில் அனுப்பும் அனுமதியைக் கட்டுப்பாடின்றிக் கொடுத்தால், அது சங்கத்திலுள்ள எவர் பெயராலும் கடிதம் அனுப்பலாம். தலைவர் எழுதாத கடிதம் தலைவர் பெயரில் போகும். அறிவித்தலுக்கென ஒரு தனிப் பெட்டியை வைத்து, அதற்கு மட்டும் அவ்வதிகாரத்தை வரையறுக்கலாம், அதற்கும் வசதியுண்டு.

நான்காவதாக, இரகசியச் சொல்லுக்குக் காலக்கெடு குறுகியதாயிருக்க வேண்டும். அதனை நிரலின் உள்ளே எழுதிவைப்பதும், கடிதத்தில் அனுப்புவதும் கூடா. ஆக்கியவர் விலகினால் அன்றே மாற்றவேண்டும். வீட்டு வேலைக்கு வந்த மேசன் வேலை முடிந்து போகும்போது சாவியைத் திருப்பி வாங்காதவர் உண்டோ?

ஐந்தாவதாக, கொடுத்த தத்துவங்களின் பட்டியலை ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கையோடு சேர்த்து வாசிக்க வேண்டும். பயன்படாதவற்றை அன்றே இரத்துச் செய்ய வேண்டும். ஆனால் ஒன்று: தத்துவத்தை இரத்துச் செய்தாலும், ஏற்கெனவே வழங்கிய சீட்டு அதன் தவணை முடியும்வரை செல்லக்கூடும், ஏற்கெனவே பிரதி எடுத்த பட்டியல் ஒருபோதும் தானாகத் திரும்பி வாராது. ஆகையால், வேலை முடிந்தபின் பிரதிகளை அழிப்பதாக ஆக்குபவருடன் எழுத்தில் உடன்படிக்கை வேண்டும்.

இவ்வளவும் செய்தால் வேலை தாமதமாகாதா என்று கேட்கலாம். ஆகும். சிறிது தாமதமாகும். உறுதி எழுதுவதும் தாமதமே. வாக்குப் பெட்டிக்கு முத்திரை வைப்பதும் தாமதமே. சில தாமதங்களின் பெயர் பாதுகாப்பு. கருவியை வெறுத்து ஒதுக்கும்படி நான் சொல்லவில்லை. நூற்றுக்கணக்கானவர்க்கு ஒரே நாளில், அவரவர் பெயர் சொல்லி, தாய்மொழியிலே அறிவித்தல் போகும் என்றால், அதனை வரவேற்பவர்களில் நானும் ஒருவன். உழவனுக்கு உழவு இயந்திரம் வந்ததுபோல, சங்கப் பணி செய்பவனுக்கு இது வந்திருக்கிறது. இயந்திரத்தை ஓட்டுபவன் வரம்பு எது என்று அறிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

செயலாளர் அன்று பொத்தானை அழுத்தவில்லை. தாளைத் திருப்பி அனுப்பினோம். அந்த இளைஞர் முதலில் சிறிது மனம் வருந்தினார். பின்னர் உட்கார்ந்து, அரை நாள் வேலையில், கேள்வியைத் திருத்தி அமைத்தார். அடுத்த தாளிலே இரண்டே வரிகள் இருந்தன. எல்லோருடைய அடிப்படை விவரத்தை வாசிக்க ஒன்று. அறிவித்தற் பெட்டியிலிருந்து மட்டும் அனுப்ப மற்றொன்று. சபை கூடியது, தீர்மானித்தது, பதிந்தது. அறிவித்தல் அங்கத்தவர் அனைவருக்கும் போய்ச் சேர்ந்தது. தொகையையும் ஏட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தோம், ஒருவரும் விடுபடவில்லை. “ஐயா, முதலிலேயே இப்படிச் செய்திருக்கலாம்” என்றார் அந்த இளைஞர்.

ஆம், தம்பி, முதலிலேயே செய்திருக்கலாம். ஒவ்வொரு சங்கத்திலும், ஒவ்வொரு காரியாலயத்திலும், பொத்தானை அழுத்துமுன் ஒருவர் தாளை வாசித்து, “இது எதற்கு?” என்று கேட்டால் போதும். கேட்கத் தெரிந்த சமுதாயத்தின் பெட்டகத்தை எவனும் எளிதில் திறக்கமாட்டான்.